பொழுதறியாப் பசுமை: மும்பைக் கல்லூரி வளாகங்களின் இளவேனில் நிகழ்ச்சிகள் குறித்து ஒரு மறுப்பு

முன்னுரை

கல்லூரி வளாகத்தில் மரக்கன்று நடுவது நல்ல செயல் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கருத்து வேறுபாடு எழ வேண்டிய இடம், அதனை எப்பொழுது நடுவது என்பதே. ஆனால் அவ்வினா எழுப்பப்படுவதே இல்லை. மார்ச்சு 21 உலகக் காடுகள் நாள், மார்ச்சு 22 உலகத் தண்ணீர் நாள், ஏப்பிரல் 22 புவி நாள் என நாள்கள் வரிசையாக வருகின்றன. அவ்வரிசையை ஒட்டியே பல கல்லூரிகளில் பதாகைகள் எழுகின்றன, உறுதிமொழிகள் எடுக்கப்படுகின்றன, குழிகள் தோண்டப்படுகின்றன, கன்றுகள் நடப்படுகின்றன. கோடை விடுமுறை முடிந்து மாணவர் திரும்பும்போது அக்கன்றுகளின் நிலை யாது என்று கேட்பார் இல்லை.

மும்பை மாநகரின் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை மூன்று கருத்துகளை முன்வைக்கிறது. முதலாவது, இளவேனில் மும்பையில் நடவுக்குரிய பொழுதன்று. இரண்டாவது, பொழுதறியாது செய்யப்படும் பசுமைப்பணி காட்சியாகவே முடியும். மூன்றாவது, நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வகுத்த இலக்கணத்தைக் கற்பிக்கும் தமிழ்த்துறையினர் இப்பிழையைக் கண்டும் வாளாவிருப்பது அப்பிழையினும் பெரிது. எந்த ஒரு கல்லூரியையும் சுட்டிக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. நாடெங்கும் வேரூன்றிவிட்ட ஒரு வழக்கமே மறுப்புக்கு உரியதாகிறது.

நாள் வந்த வழி

புவி நாளின் தோற்றம் நன்கு பதிவு செய்யப்பட்டுள்ளது. அமெரிக்க மேலவை உறுப்பினர் கேலார்டு நெல்சனின் முயற்சியால் 1970-ஆம் ஆண்டு ஏப்பிரல் 22 அன்று அது முதன்முதலாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு இயற்கை சார்ந்த காரணம் எதுவுமில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் வசந்தகால விடுமுறைக்கும் ஆண்டிறுதித் தேர்வுக்கும் இடைப்பட்ட காலம் அது. மாணவர் மிகுதியாகப் பங்குகொள்ள வாய்ப்பான நாள் என்பதே காரணம். அந்நாட்டின் வடபகுதியில் அக்காலம் பனி உருகி மண் ஈரம் பெறும் காலமாதலின், நாளும் பருவமும் தாமாகவே ஒத்துப்போயின. 1990-இல் அந்நாள் உலகெங்கும் பரவியது. 2009-இல் ஐக்கிய நாடுகள் அவை அதனை அன்னை பூமியின் நாளாக ஏற்றது.

ஆக, அமெரிக்க மாணவரின் தேர்வு அட்டவணையிலிருந்து பிறந்த ஒரு நாள் மும்பை மாணவரின் தேர்வு அட்டவணைக்குள்ளேயே வந்து விழுகிறது. ஏப்பிரல், மே இங்குப் பெரும்பாலும் தேர்வுக்காலம். அதனைத் தொடர்ந்து வளாகம் வெறிச்சோடும் நீண்ட விடுமுறை வருகிறது. நட்டவர் நீங்க, நடப்பட்டது மட்டும் வெயிலில் நிற்கிறது.

நாட்டுக்குள்ளேயே இதற்கு மாற்றான ஒரு மரபு இருந்ததை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். 1950-ஆம் ஆண்டு மைய அரசின் உணவு வேளாண்மை அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி ‘வன மகோத்சவம்’ எனும் மரநடு விழாவைத் தொடங்கினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது சூலை முதல் வாரம். பம்பாயில் வழக்கறிஞராக வாழ்ந்து, பாரதிய வித்யா பவனத்தை அங்கேயே நிறுவியவர் அவர். தென்மேற்குப் பருவமழையின் வரவை அறிந்த ஒருவர் வேறு மாதத்தைத் தேர்ந்திருக்க இயலாது. அந்தச் சூலை விழாவைப் பின்தள்ளி ஏப்பிரல் விழா வளாகங்களில் முன்னிடம் பெற்றது எவ்வாறு என்பது ஆராயத்தக்கது.

அதற்குரிய காரணங்களுள் ஒன்று நிருவாகம் சார்ந்தது. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் ஆணையிட்டது. 2003-இல் அதனை மீண்டும் வலியுறுத்தியது. அதன் விளைவாகப் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் படிப்புகள் அனைத்துக்கும் ஆறு மாதப் பொதுப்பாடம் ஒன்றை வகுத்தது. 1994-இல் தொடங்கப்பெற்ற ‘நாக்’ எனும் தேசியத் தரமதிப்பீட்டுக் குழு, வளாகத்தின் பசுமையையும் தரத்தின் கூறுகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. இவை அனைத்தும் நன்னோக்கில் எழுந்தவையே. எனினும் மதிப்பீட்டுக்கு வேண்டுவது சான்று. எளிதிற் கிடைக்கும் சான்று நிழற்படம். நாளும் இடமும் பொறித்த நிழற்படம், கன்று நடப்பட்டது என்பதைக் காட்டும். அக்கன்று பிழைத்தது என்பதைக் காட்டாது. கல்வியாண்டு முடியுமுன் கோப்பு முடிய வேண்டும் என்ற அவசரமும் ஏப்பிரலுக்குத் துணைபோகிறது.

மும்பையின் இளவேனில்

தமிழ் மரபின்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஏப்பிரல் 22 சித்திரையின் இரண்டாம் வாரத்தில் அமைகிறது. மும்பையின் ஆண்டு மழையில் மிகப்பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களிலேயே பெய்துவிடும். மார்ச்சு முதல் மே வரை மழை இல்லை என்றே கூறலாம். இந்திய வானிலைத் துறை 2020-இல் திருத்தி வெளியிட்ட அட்டவணைப்படி மும்பையில் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் சூன் 11. எனவே புவி நாளில் நடப்படும் கன்று 50 நாள்கள் மழையின்றி நிற்க வேண்டும்.

எளிய கணக்கொன்று இதனைத் தெளிவாக்கும். நூறு கன்றுகள் நடப்படுவதாகவும், கன்றொன்றுக்கு நாள்தோறும் ஐந்து லிட்டர் நீர் ஊற்றப்படுவதாகவும் கொள்வோமாயின், மழை தொடங்கும்வரை வேண்டப்படும் நீர் 25,000 லிட்டர். சூலையில் நட்டால் இதனை வானமே தரும். ஏப்பிரலில் நட்டால் மாநகராட்சிக் குழாய் தர வேண்டும். மும்பைக்கு நீர் தரும் ஏரிகளும் நீர்த்தேக்கங்களும் ஆண்டில் மிகவும் வற்றிக் கிடக்கும் காலமும் அதுவே. 2024-ஆம் ஆண்டு மே 30 முதல் மாநகராட்சி குடிநீர் வழங்கலில் 5 விழுக்காடு குறைத்தது. சூன் 5 முதல் அதனை 10 விழுக்காடாக உயர்த்தியது. சூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதை எவரும் மறந்திருக்க இயலாது. மாட்டுங்காவிலிருந்து மத்திய இருப்புப்பாதையைக் கடந்தால் தாராவி. அங்குப் பல குடும்பங்கள் நாளில் ஒரு சில மணி நேரமே வரும் நீரைக் குடங்களில் பிடித்து வைத்து வாழ்கின்றன. நகரே நீருக்கு ஏங்கும் திங்களில் நீர் கேட்கும் கன்றுகளை நடுவதைச் சூழல் அக்கறை என்று அழைப்பது பொருந்துமா என்பது சிந்திக்கத்தக்கது.

இளவேனிலில்தான் மரங்கள் தளிர்க்கின்றன, பூக்கின்றன; ஆதலின் அதுவே பசுமைக்குரிய காலம் என ஒருவர் கூறலாம். மாட்டுங்காவின் தெருக்களில் நடப்போர்க்கு இவ்வாதம் கவர்ச்சியாகத் தோன்றும். 1896-இன் கொள்ளைநோய்க்குப் பின், 1898-இல் அமைக்கப்பெற்ற பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த பகுதி அது. அகன்ற சாலைகளும் ஐந்து பூங்காக்களும் நிழல்மரங்களும் கொண்டது. 1923-இல் அங்கு இடம்பெயர்ந்த இன்றைய வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம், 1932-இல் அங்கே தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகம், 1937-இல் தொடங்கிய ரூயா கல்லூரி எனக் கல்வி நிலையங்கள் பலவும் அந்நிழலில் வளர்ந்தவை. வேனில் வந்தால் பெருங்கொன்றை மஞ்சட்பூவை நடைபாதையில் உதிர்க்கிறது. குல்மோகர் செந்நிறமாகச் சிவக்கிறது. ஆயின் பூப்பது ஆழ வேரோடிய முதுமரம். கடந்த காரில் மண் உண்ட நீரை அது கீழிருந்து எடுத்துக்கொள்கிறது. நடப்படுவதோ கைப்பிடி மண்ணும் கையளவு வேரும் உடைய கன்று. முதுமரத்தின் வேனிலைக் கன்றின் வேனிலாகக் கருதுவது காட்சிப்பிழை.

கொன்றையின் பேதைமை

இப்பிழையைத் தமிழிலக்கியம் முன்னரே அறிந்திருந்தது. குறுந்தொகையின் 66-ஆம் பாடலில் கோவர்த்தனார் ஒரு கொன்றையைக் காட்டுகிறார். கார்காலத்தில் திரும்புவேன் என்று சென்ற தலைவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. கலங்கும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள். இது காரன்று, காலமல்லாத காலத்துப் பெய்த மழையைக் காரென மயங்கி அறிவற்ற கொன்றை பூத்தது என்கிறாள். தோழி கூற்றின் உளவியல் நயம் வகுப்பறைகளில் பெரிதும் பேசப்பட்டதொன்று. பொழுதைத் தவறாக உணர்ந்த உயிரைப் பேதை எனக் குறிக்கும் சொல்லின் கூர்மை அத்துணை பேசப்படவில்லை. பிறர் நாட்டுப் பருவத்தைத் தம் பருவமென மயங்கி ஏப்பிரலில் குழி தோண்டும் குழுக்களுக்கு அக்கொன்றையைவிடப் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. கொன்றைக்கேனும் ஒரு மழை பெய்தது. குழுக்களுக்கு ஒரு சுற்றறிக்கை மட்டுமே வந்தது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. கருப்பொருளாகிய மரமும் மாவும் புள்ளும் அவற்றின்மேல் எழுவன. மரம் நடுதல் என்பது கருப்பொருளைத் தொடுவது. முதற்பொருளை நீக்கிவிட்டுக் கருப்பொருளை நடுவது முதலில்லா வாணிகம். வேனிற்காலத்தைத் தொல்காப்பியர் பாலைக்கு உரியதாக்கினார். மாமரம் தளிர்ப்பதும் குயில் கூவுவதும் அவ்வேனிலில்தான். வழிச்செல்வோர் நீரின்றி வாடுவதும் அவ்வேனிலில்தான். தமிழ்ப் புலவர் இரண்டையும் ஒருங்கே கண்டனர். வளாகப் பதாகைகள் தளிரை மட்டும் கண்டன.

இங்கே ஆய்வுலகின் பங்கையும் சுட்டாமல் இருத்தல் நேர்மையாகாது. ‘சங்க இலக்கியத்தில் சுற்றுச்சூழல்’, ‘திணைக் கோட்பாடும் சூழலியலும்’ போன்ற தலைப்புகளில் கருத்தரங்கக் கட்டுரைகள் பெருகியுள்ளன. அவற்றுட் பலவற்றின் அமைப்பு ஒன்றே. முதல், கரு, உரி எனும் அட்டவணை தரப்படும். நிலத்துக்கு இரண்டு மேற்கோள்கள் காட்டப்படும். தமிழரே உலகின் முதற் சூழலியலார் என்ற முடிவு எழுதப்படும். கட்டுரை வாசிக்கப்படும் அரங்கின் வெளியே எம்மரம் நிற்கிறது, அது எப்பொழுது நடப்பட்டது, அதன் அடியில் சிமெந்து பூசியது யார் என்ற வினாக்கள் கட்டுரைக்குள் நுழைவதில்லை. கருத்தரங்கு முடிந்ததும் அதே பேராசிரியர்களே சிறப்பு விருந்தினருடன் சென்று நண்பகல் வெயிலில் கன்று நடுகின்றனர். நண்பகலும் வேனிலும் சேர்ந்தால் அது எத்திணை என்பதை அவர்கள் அறியாதவர் அல்லர்.

இதற்கு மாற்றாகத் தொல்காப்பிய அட்டவணையை அப்படியே மும்பைக்கு எடுத்துச் செல்வதும் பிழையே. அவ்வட்டவணையில் கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். ஆனியும் ஆடியும் முதுவேனில். மும்பையிலோ வானம் பொத்துக்கொண்டு பெய்வது ஆனியிலும் ஆடியிலுமே. சங்கப் பாடல்களில் காரின் அடையாளமாக வரும் கொன்றை, மும்பையில் மழைக்கு முன்னர் வேனிலிலேயே சரஞ்சரமாகப் பூத்துவிடுகிறது. ஆகவே எடுத்துச் செல்ல வேண்டியது அட்டவணையை அன்று, அதனை ஆக்கிய நோக்கையே. திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்பது தொல்காப்பியர் கொள்கை. வாசிங்டனின் வசந்தத்தையோ வைகைக்கரையின் காரையோ மித்தி ஆற்றங்கரை ஏற்காது. மித்தியின் பொழுதை மித்தியில்தான் கற்க வேண்டும்.

தாராவி அறிந்த பொழுது

அவ்வாறு கற்றவர்கள் தொலைவில் இல்லை. கல்லூரிகளின் பார்வையில் தாராவி பெரும்பாலும் விழிப்புணர்வு ஊட்டப்பட வேண்டிய இடம். மாணவர் அங்குச் சென்று தூய்மையைப் பற்றி முழக்கமிட்டுத் திரும்புவர். உண்மையில் கற்பிக்க வேண்டியவர் அங்கிருப்போர்.

மாகிம் கழியை நம்பி வாழ்ந்த கோலி மீனவர் தாராவியின் பழங்குடிகள். கழி தூர்க்கப்பட்டும் மாசடைந்தும் போனபின் அவர்தம் தொழில் தளர்ந்தது. எனினும் மீன் இனம் பெருகும் காலத்தில் கடலுக்குச் செல்லாமை என்ற அறிவு சட்டமாகவே நிற்கிறது. மகாராட்டிரக் கடற்கரையில் சூன் 1 முதல் சூலை 31 வரை விசைப்படகுகள் மீன்பிடித்தல் தடை செய்யப்படுகிறது. கும்பார்வாடாவில் வாழும் சௌராட்டிரக் குயவர்க்கு வேனில் என்பது வெயிலில் பானை உலர்த்திச் சூளையிடும் காலம். மழை வந்தால் களிமண் உலராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய தமிழரும், பிற மாநிலத்தாரும் உழைக்கும் தோல்தொழிலிலும் மறுசுழற்சித் தொழிலிலும் இதே நிலைதான். ‘பங்கார்’ என்று மும்பை அழைக்கும் பழம்பொருள்களுள் பிளாசுடிக்கைத் தட்டிப் பார்த்தும், முகர்ந்தும், நீரிலிட்டும் வகை பிரிக்கின்றனர். நொறுக்கிக் கழுவிக் கூரைமேல் உலர்த்துகின்றனர். கூரை உலர்களமாவது வேனிலில். பாடநூலின் பொதுப்பாடம் மறுசுழற்சி என ஒரு பத்தியில் கூறி முடிப்பதை, நச்சுப்புகையும் காயமும் குறைகூலியும் ஏற்று நாள்தோறும் செய்பவர் இவர்களே.

இவ்வறிவைப் போற்றுவது வறுமையைப் போற்றுவதாகிவிடக் கூடாது. தாராவியின் தொழிலாளர்க்கு வேண்டுவது பாராட்டு அன்று. காற்றோட்டமுள்ள பணியிடமும் முறையான கூலியும் உறுதியான குடியிருப்பும் ஆகும். செம்பூரை அடுத்த தேவனார் குப்பைமேடு 1927 முதல் நகரின் கழிவை ஏற்று வந்தது. 2016-ஆம் ஆண்டு சனவரி இறுதியிலும் மார்ச்சிலும் அங்கு மூண்ட தீ நகரின் வானத்தைப் புகையால் மூடியது. அந்நிலத்தில் ஏறத்தாழ 124 ஏக்கரைத் தாராவி மக்களின் மறுகுடியமர்வுக்கென 2024-இல் மாநில அரசு ஒதுக்கியது. நகரின் கழிவைப் பிரித்தெடுத்த மக்களுள் ஒரு பகுதியினரைக் கழிவின்மீதே குடியமர்த்த எண்ணும் திட்டம் குறித்து, அருகிலுள்ள வளாகங்களின் பசுமைக் குழுக்கள் எத்தனை அமர்வுகள் நடத்தின என்று கேட்பது பொருத்தமான வினா. சுற்றுச்சூழல் என்பது வளாகச் சுவருக்குள் முடிவதன்று.

குப்பைமேட்டில் எழுந்த காடு

மறுப்புக்கு நடுவே ஒரு மெய்யான சான்றும் உண்டு. தாராவியின் வடபுறம், மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கர் பரப்பில் மகாராட்டிர இயற்கைப் பூங்கா அமைந்துள்ளது. அது முன்பு நகரின் குப்பை கொட்டப்பட்ட இடம். 1983-ஆம் ஆண்டு உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, பறவையியலறிஞர் சலீம் அலி முன்னிலையில் அங்கு நடவு தொடங்கியது. பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது 1994-ஆம் ஆண்டு ஏப்பிரல் 22, புவி நாளில். பதினோராண்டு உழைப்பு இடையில் நின்றது. இன்று அங்கு மரங்கள் காடெனச் செறிந்துள்ளன. பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வருகின்றன. பள்ளி, கல்லூரி மாணவர் இயற்கை கற்க அங்குச் செல்கின்றனர்.

இவ்விரு நாள்களையும் சேர்த்துப் படித்தால் பாடம் விளங்கும். நடவு தொடங்கியது சூன் மாதத்தில், மழையின் வாயிலில். விழா நடந்தது ஏப்பிரலில். புவி நாள் தவறான நாள் அன்று. அது நடவுக்குத் தவறான நாள். வளர்ந்ததைக் காட்டுவதற்கு அது உகந்த நாள். பூங்காவை அமைத்தோர் நட்டபின் காத்தனர், காத்தபின் காட்டினர். கல்லூரிகளோ காட்டுவதற்காக நடுகின்றன.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் கூறப்படலாம். ஒன்று, நடவு ஒரு குறியீடே. மாணவர் மனத்தில் விதைப்பதே நோக்கம் என்பது. குறியீட்டின் வலிமையை இலக்கிய மாணவர் மறுக்கமாட்டார். ஆனால் வாடி இறந்த கன்றும் ஒரு குறியீடே. தொடங்குவது மட்டும் போதும், காப்பது வேறொருவர் கடமை என்பதை அது மாணவர்க்குக் கற்பிக்கிறது.

இரண்டு, நாள்களை உலக அமைப்புகளும் மேலிடங்களும் வகுக்கின்றன. கல்லூரி என்ன செய்ய இயலும் என்பது. நாளை மாற்ற வேண்டியதில்லை. அந்நாளில் செய்யும் பணியை மாற்றினால் போதும். புவி நாளில் நட்டே ஆக வேண்டும் என எவ்விதியும் கூறவில்லை.

மூன்று, இது அறிவியல் துறையின் பொருள். தமிழ்த்துறைக்கு இதில் இடமில்லை என்பது. நிலமும் பொழுதும் தமிழ்த்துறைக்குரியவை அல்ல என்றால் அகத்திணையியலையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிவிடலாம். மண்ணின் ஈரத்தை அளப்பது தாவரவியலாரின் பணி. பொழுதை மக்கள் எச்சொற்களால் அறிந்தனர், எத்தொழிலால் கடைப்பிடித்தனர் என்பதைத் தொகுப்பது மொழித்துறையின் பணி.

இளவேனிலுக்குரிய பணிகள்

இளவேனிலில் வளாகம் சும்மா இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அக்காலத்துக்கே உரிய பணிகள் பல. வேனிலின் முற்பகுதியில் இலைகள் உதிர்கின்றன. அவற்றைக் கூட்டி எரிப்பதை விடுத்து மட்கு உரமாக்கலாம். மைய அரசின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு ஆக்கும் கல்வி நிலையங்களைப் பெருங்கழிவாளர் வகையிற் சேர்த்து, மட்கும் கழிவை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்தும் பொறுப்பை அளித்தன. கீழ்விழும் விதைகளைச் சேர்த்து நாற்றங்கால் இடலாம். மழைக்குப்பின் நடுவதற்குரிய குழிகளை இப்போதே எடுத்து மண்ணை ஆறவிடலாம். முதுமரங்களின் அடியை இறுக்கும் சிமெந்தைப் பெயர்க்கலாம். மழைநீர்த் தொட்டிகளையும் கூரைக் குழாய்களையும் தூய்மைப்படுத்தலாம்.

யாவற்றினும் இன்றியமையாதது வடிகால். 2005-ஆம் ஆண்டு சூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி கரைபுரண்டது, தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின, பெருந்திரளானோர் உயிரிழந்தனர். அடைபட்ட வடிகால்களும் ஒடுங்கிய ஆறும் அப்பேரிடரின் காரணங்களுள் அடங்கும். மும்பைத் தமிழர் ‘நாலா’ என வழங்கும் பெருவடிகால்களை மாநகராட்சி தூர்வாருவது மழைக்கு முற்பட்ட இவ்வேனிலில்தான். ஒரு வளாகத்தின் பிளாசுடிக்கு வடிகாலுக்குச் செல்லாமல் தடுக்கப்பட்டால் அது தாராவியின் தாழ்ந்த வீடு ஒன்றில் நீர் புகாமல் தடுக்கப்படுவதற்கு ஒப்பாகும். இப்பணியில் நிழற்படத்துக்குரிய பசுமை இல்லை. பயன் உண்டு.

தமிழ்த்துறைகளுக்கும் தனிப்பணி உண்டு. தாராவியிலும் செம்பூரிலும் வாழும் முதியோரிடம் பருவம், மழை, காற்று, நீர் பற்றிய சொற்கள் எஞ்சியுள்ளன. தாமிரபரணிக் கரையின் வேளாண் சொற்கள் மராத்தியோடும் இந்தியோடும் கலந்து மும்பையின் மழைக்கு ஏற்பப் பொருள் மாறியதை ஆய்வு மாணவர் களப்பணி மூலம் பதிவு செய்தல் வேண்டும். அதனைத் தொடர்ந்து, தத்தம் வளாகத்துக்கென முதல், கரு, உரி ஆகியவற்றை வகுத்துக்கொள்ளலாம். அத்தகைய ஓர் ஆய்வேடு, தமிழரே முதற் சூழலியலார் என முடியும் கட்டுரைகள் பலவற்றினும் தொல்காப்பியர்க்குச் செய்யும் பெருஞ்சிறப்பாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. இளவேனில் நடவு மும்பையின் நிலத்துக்கும் பொழுதுக்கும் முரணானது. அவ்வழக்கம் பிறநாட்டுக் கல்வி அட்டவணையிலிருந்தும் உள்நாட்டுக் கோப்பின் தேவையிலிருந்தும் வந்தது. அதற்கு மாற்று சூலை விழாவிலும், தாராவியின் தொழில்களிலும், இயற்கைப் பூங்காவிலும் கண்முன் உள்ளது. அதனை எடுத்துரைக்கும் கருவி தமிழ்த்துறைகளின் கையில் இருந்தும் பயன்படாமல் கிடக்கிறது.

ஒரு மாற்றம் மட்டும் ஏற்கப்பட்டாலும் நன்மை விளையும். கல்லூரிகள் ஆண்டறிக்கையில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை எழுதுவதை நிறுத்திவிட்டு, பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கையை எழுதட்டும். அக்கணக்கை எடுப்பதற்கு இளவேனிலே தக்க காலம். கடந்த காரில் நட்ட கன்று ஒரு வேனிலைத் தாங்கி நின்றால்தான் அது மரமாகும். ஏப்பிரல் 22 அன்று மாணவர் மண்வெட்டிக்கு மாறாகக் குறிப்பேட்டைக் கையில் எடுத்து, கன்று கன்றாகச் சென்று, உள்ளது இது, இறந்தது இது என்று எழுதட்டும். மாணவர்க்குத் தேர்வு நடக்கும் அத்திங்களில் கல்லூரிக்கும் ஒரு தேர்வு நடப்பது முறையே.